நெல் கிடங்கில் இரண்டு பிணைக்கைதிகள்

திருவாரூருக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் உள்ள ஒரு ஸ்டேஷனில் நான் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தபோது, எங்கள் ஜீப்பின் பின் டயர்கள் வழுக்கையாகத் தேய்ந்துபோயிருந்தன. மழை பெய்தால் ரைட்டர் அறையில் வாளி வைக்க வேண்டும். அந்த நிலையில்தான் ஒருநாள் காலை இன்ஸ்பெக்டர் எங்களையெல்லாம் கூப்பிட்டு, தீவிரவாதத் தடுப்புப் பயிற்சிக்காக நம் ஸ்டேஷனுக்கு அரசு மானியம் வந்திருக்கிறது என்றார். கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்டேஷன்களுக்கு முன்னுரிமையாம். மத்திய அரசு கொடுத்து, மாநில அரசு தன் பங்கைச் சேர்த்து அனுப்பிய நிதி. மார்ச் முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

ரைட்டர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"சார், இதுல டயர் மாத்திக்கலாங்களா?"

"டயருக்கு வராதுய்யா. பயிற்சிக்கும் அதுக்கு வேண்டிய சாமானுக்கும் மட்டும்தான்."

"தீவிரவாதிய வெரட்டிக்கிட்டுப் போக டயர் வேணும்ல சார்? அப்புடி எழுதுனா?"

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார். "எழுதலாம். ஆனா மேலேருந்து ஒரு கேள்வி போட்டுத் திருப்பி அனுப்புவாங்க. அதுக்குப் பதில் எழுதறதுக்குள்ள ஏப்ரல் வந்துரும்."

எங்கள் ஸ்டேஷனுக்கு வரும் வழக்குகள் என்னவென்று சொன்னால்தான் நாங்கள் ஏன் சிரித்தோம் என்று புரியும். வரப்பை வெட்டிவிட்டான், வாய்க்காலை அடைத்துவிட்டான், ஆட்டை விட்டு மேய்த்துவிட்டான். அறுவடைக் காலத்தில் அறுவடை மெஷின் யார் வயலுக்கு முதலில் போவது என்று அடிதடி. இவற்றுக்கு நடுவில் கோயில் நிலத்துக் குத்தகைச் சண்டை. வந்திறங்கிய பெட்டிகளில் குண்டு துளைக்காத கவச உடைகள், தலைக்கவசங்கள், ஒலிபெருக்கி, மரத்தில் செய்த துப்பாக்கிகள் எல்லாம் இருந்தன. கவச உடையைப் போட்டுக்கொண்டு ஏட்டையா ஒரு நடை நடந்து பார்த்து, "நெல்லு மூட்டையக் கட்டிக்கிட்டு நடக்கற மாதிரி இருக்குங்க மேடம்" என்றார். வேர்வையில் அவர் மீசை தொங்கிப்போயிருந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். என் அம்மா நாற்று நட்டு, களை பறித்து என்னைப் படிக்கவைத்தவர். அம்மா இளவயதில் இருந்தபோது கூலி உயர்வு கேட்டு எங்கள் தெருவே வயலில் இறங்காமல் நின்றிருக்கிறது. போலீஸ் வேன் வந்ததும் பெண்கள் ஓடிக் கருவக்காட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். தீவிரவாதிகளைப் பிடிக்கப் பயிற்சி தருகிறார்கள் என்று நான் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார்.

"அந்தக் காலத்துல எங்களத்தான்டி அப்புடிச் சொன்னாங்க. அரைப்படி நெல்லு கூடக் கேட்டதுக்கு."

"இது வேறம்மா. நெசமான தீவிரவாதி."

"சரி, சரி. பாத்துப் பிடி. யாரு, என்ன கேக்கறாங்கன்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் பிடி."

பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். என்னைவிட ஓரிரு வயதுதான் கூட இருக்கும். சிரிக்கவே மாட்டார் என்று முதல் நாள் நினைத்தோம். அறுவடை முடிந்த வயல்களில் எங்களைத் தவழவிட்டார். சம்பா தாள்களுக்கு இடையே உளுந்து முளைத்துக் காய் பிடித்திருந்த பருவம் அது. "உளுந்து மேல ஏறாதீங்க சார், நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்துருவாங்க" என்று ஏட்டையா கெஞ்சியதால் பயிற்சி முழுவதும் வரப்பு ஓரமாகவே நடந்தது. தீவிரவாதி எந்தப் பக்கம் ஒளிந்திருந்தாலும் நாங்கள் ஒற்றை வரிசையில்தான் போனோம்.

என்னைப் பிணைக்கைதிகளை மீட்கும் பேச்சுவார்த்தைக்கு என்று தனியாக எடுத்தார்கள். அந்த வகுப்பு எனக்குப் பிடித்திருந்தது. பயிற்சியாளர் கரும்பலகையில் எதுவும் எழுதமாட்டார். ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு பேசுவார்.

"அவன் என்ன கேக்கறாங்கிறது ஒண்ணு. எது கையவிட்டுப் போயிடுமோன்னு பயப்படறாங்கிறது வேற ஒண்ணு. கேக்கறத அவனே கத்திச் சொல்லுவான். பயத்தச் சொல்லமாட்டான். அது தெரியற வரைக்கும் நீங்க முடியும்னும் சொல்லக்கூடாது, முடியாதுன்னும் சொல்லக்கூடாது. பேச்ச மட்டும் அறுந்துபோக விடாதீங்க."

இதை யாரும் அதுவரை எனக்குச் சொல்லித்தந்ததில்லை. ஸ்டேஷனில் இரண்டு தரப்பையும் எதிரெதிரே நிற்கவைத்து, யார் சத்தம் பெரிதோ அவரை முதலில் அடக்குவதுதான் எங்கள் வழக்கம்.

கடைசி நாள் ஒத்திகை. நெல் எல்லாம் லாரியில் ஏறிப்போய்க் காலியாகக் கிடந்த ஒரு கிடங்கு கிடைத்தது. தீவிரவாதிகள் அதைப் பிடித்துவைத்திருப்பார்கள், நாங்கள் மீட்க வேண்டும், பெரிய அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார். தீவிரவாதிகளின் தலைவன் எங்கள் ஏட்டையா. மீசைக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அவருக்கு யாரையும் அதட்டத் தெரியாது. பிணைக்கைதிகளாகப் பொதுமக்கள் வேண்டும் என்பது நிதியோடு வந்த நிபந்தனை. உளுந்து பறிக்கிற நாளில் எந்தப் பொதுமக்கள் வருவார்கள்? ஆள் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

ஒத்திகைக்கு முந்தின நாள் காலை ஒரு பாதைத் தகராறு விசாரணை இருந்தது. ஒரு பக்கம் ஒரு பெரியவர். ஒரு காலத்தில் வேலிக்கணக்கில் நிலம் வைத்திருந்த குடும்பம். நில உச்சவரம்புச் சட்டத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தை அவரே இருந்து பயிர் செய்தார். பிள்ளைகள் சிங்கப்பூரில். பழைய மொபெட்டில் கழுத்துத் துண்டு பறக்க வருவார். இன்னொரு பக்கம் ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அக்கா. அவருடைய மாமனார் அந்தப் பெரியவர் வீட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர். உச்சவரம்பில் எடுத்த நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது மாமனாருக்கு ஒரு துண்டுக்குப் பட்டா கிடைத்தது. கணவர் இறந்த பிறகு அக்காவே அதில் பயிர் செய்தார். அந்தத் துண்டுக்குப் போகப் பெரியவர் வயலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆள் நடக்க வரப்பு உண்டு. அறுவடை மெஷின் போக வழி இல்லை. பெரியவர் விடமாட்டேன் என்றார். இரண்டு வருடமாக அந்த அக்கா ஆள் வைத்து அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார். அறுக்க ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்ட காலம்.

இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அவர் "அந்தப் பொம்பள" என்பார். அக்கா "அந்த ஆளு" என்பார். பெரியவருக்கு என்மேலும் நம்பிக்கை கிடையாது. நான் எந்தத் தெருப் பெண் என்று விசாரித்து வைத்திருந்தார். அக்காவுக்கோ காக்கி உடுப்பின்மேல் நம்பிக்கை இல்லை. விசாரணை வழக்கம்போல எங்கும் போய்ச் சேரவில்லை. இருவரும் கிளம்பும்போது எனக்கு ஆள் கணக்கு ஞாபகம் வந்தது.

"அக்கா, நாளைக்கு ஒரு உதவி. கிடங்குல ஒரு ஒத்திக. நீங்க பிணைக்கைதி மாதிரி கொஞ்ச நேரம் உக்காந்தா போதும். சாப்பாடு உண்டு."

"எனக்கு உளுந்து கெடக்குது மேடம். வேற ஆளப் பாருங்க."

பெரியவர் மொபெட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "நான் வர்றேன். அரசாங்கக் காரியம்னா நம்ம வீட்டுலேர்ந்து ஆள் போகாம இருந்ததில்ல."

அவ்வளவுதான். அக்கா இடுப்பில் கை வைத்தார். "அந்த ஆளு வந்தா நான் வரமாட்டனா? எத்தன மணிக்கு வரணும் மேடம்?"

மறுநாள் கிடங்குக்குள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கைகளை ஏட்டையா துண்டால் கட்டினார். ஒவ்வொருவரிடமும் "இறுக்கமா இருக்குங்களா?" என்று கேட்டுக்கேட்டுக் கட்டினார். நான் வெளியே, கவச உடையோடு, ஒலிபெருக்கியும் போனுமாக நின்றேன். பக்கத்தில் பயிற்சியாளர். புங்க மரத்தடியில் ஒத்திகைக்காக ஓர் ஆம்புலன்ஸ் நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெரிய அதிகாரி வருகிற வழியில் எங்கோ மறியல், வரத் தாமதம் என்று செய்தி வந்தது. அவர் வரும்வரை பேச்சுவார்த்தையை நீட்டச் சொன்னார் பயிற்சியாளர். எனக்கு நல்ல பயிற்சிதான்.

நான் பேசி, கெஞ்சி, ஒரு பிணைக்கைதியை விடுவிக்க ஏட்டையாவைச் சம்மதிக்கவைத்தேன். அதுவரை எல்லாம் திட்டப்படி நடந்தது. யாரை விடுவது என்பதில்தான் சிக்கல் வந்தது. போனில் ஏட்டையாவின் குரல் பரிதாபமாக இருந்தது.

"மேடம், ஒருத்தர விடறேன்னு சொன்னேன். இங்க தகராறுங்க."

"என்ன தகராறு?"

"பெரியவர் பொம்பளைங்கள மொதல்ல விடுங்கறாரு. அந்த அம்மாவ எழுந்திருக்கச் சொன்னா, வயசானவர மொதல்ல விடு, இவரு தயவுல நான் ஏன் போகணும்னு கேக்குது. ரெண்டு பேரும் போகமாட்டேங்கறாங்க."

"வேற யாரையாச்சும் விடுங்களேன்."

"வேற யாரும் நகர மாட்டேங்கறாங்க மேடம். பேசி முடிக்கட்டும்னு எல்லாரும் உக்காந்துட்டாங்க."

பயிற்சியாளர் முதன்முறையாகச் சிரித்தார். தன் அனுபவத்தில் வெளியே வர மறுத்த பிணைக்கைதிகளை இப்போதுதான் பார்க்கிறாராம்.

வாக்குவாதம் நீண்டது. தகரக் கூரை கொதித்தது. சாப்பாடு அதிகாரி வந்த பிறகுதான் என்பதால் யாரும் சாப்பிடவில்லை. அப்போது ஏட்டையா மறுபடி கூப்பிட்டு, "மேடம், பெரியவருக்கு என்னமோ பண்ணுதுங்க" என்றார்.

ஓடக் கிளம்பிய என்னைப் பயிற்சியாளர் தடுத்தார். "நில்லுங்க. திடீர்னு உடம்பு சரியில்லாமப் போற மாதிரி ஒருத்தர நடிக்கச் சொல்லியிருக்கேன். நீங்க அவசரப்பட்டு உள்ள போறீங்களான்னு பாக்கத்தான். கேள்வி கேளுங்க." அவர் சொன்னது உண்மைதான். ஒரு கான்ஸ்டபிளின் மாமாவிடம் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவைத்திருந்தார். ஏட்டையா ஆளை மாற்றிச் சொல்கிறார் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, "பேசறாரா? மூச்சு எப்படி இருக்கு?" என்று பாடத்தில் சொன்னபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது கிடங்கின் சன்னல் கம்பிகளுக்குப் பின்னால் அந்த அக்காவின் முகம் தெரிந்தது.

"எஸ்.ஐ. அம்மா! இது நடிப்பு இல்ல! ஐயாவுக்குச் சக்கர எறங்கிப்போச்சு! ஐயாவுக்கு வேத்துக் கொட்டுது, ஓடியாங்க!"

ஐயா என்றார். அதுவும் இரண்டு தடவை. எத்தனையோ விசாரணைகளில் அந்த வாயிலிருந்து நான் கேட்டிராத சொல் அது. நான் பயிற்சியாளரைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியைக் கீழே போட்டுவிட்டு, நெல் மூட்டையாய்க் கனத்த அந்தக் கவச உடையையும் சுமந்துகொண்டு ஓடினேன். வாசலில் மரத் துப்பாக்கியோடு நின்ற எங்கள் கான்ஸ்டபிள், சொல்லிக்கொடுத்தபடி "நில்லு, சுட்டுருவேன்" என்றார். பிறகு, "வாங்க மேடம்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே பெரியவர் சுவரில் சாய்ந்திருந்தார். உதடு நடுங்கியது. கண் திறந்திருந்தாலும் யாரையும் பார்க்கவில்லை. அக்கா கைக்கட்டை எப்போதோ உருவி எறிந்திருந்தார். மூலையில் ஏட்டையா தனக்காக வாங்கி ஒளித்துவைத்திருந்த இனிப்புப் பன்னீர் சோடா இருந்தது. அதை அக்கா எப்படிப் பார்த்தாரோ, எடுத்துத் திறந்து, பெரியவரின் தாடையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சங் கொஞ்சமா முழுங்குங்க. ம், முழுங்குங்க" என்று பச்சைப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல ஊட்டினார். தீவிரவாதிகளின் தலைவர் தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து அதனால் விசிறினார். பயிற்சியாளர் எனக்குப் பின்னாலேயே ஓடிவந்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆம்புலன்ஸ்காரர்களைக் கத்திக் கூப்பிட்டார். அவர்கள் மரத்தடியில்தானே இருந்தார்கள். பையோடு உடனே வந்து, விரலில் குத்திப் பார்த்து, வேண்டியதைச் செய்தார்கள். பெரியவர் காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கிளம்பும் அவசரத்தில் சரியாகச் சாப்பிடாமல் வந்திருக்கிறார்.

நாங்கள் எல்லோரும் அவரைச் சுற்றிக் குந்தியிருந்த நேரத்தில் வாசலில் பூட்ஸ் சத்தம். பெரிய அதிகாரி வந்துவிட்டார். போலீஸ், தீவிரவாதிகள், பிணைக்கைதிகள் எல்லாம் ஒரே கும்பலாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"இது திட்டத்துல இருக்கா?" என்று பயிற்சியாளரிடம் கேட்டார்.

பயிற்சியாளர் விறைப்பாக நின்றார். "இல்ல சார். நான் நடிப்புன்னு நெனச்சுத் தடுத்தேன். எஸ்.ஐ. மீறி உள்ள போனாங்க. அவங்க செஞ்சதுதான் சரி."

எல்லோர் முன்னாலும் அவர் அப்படிச் சொன்னதற்காக இன்றும் அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அதிகாரி பெரியவரின் பக்கத்தில் குனிந்து, "ஐயா, இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

பெரியவருக்குப் பேச்சு வந்திருந்தது. "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. இந்தப் பொண்ண மொதல்ல வெளிய விடச் சொல்லுங்க."

அதிகாரியே சிரித்துவிட்டார். மதியத்துக்கு மேல், சாப்பாடெல்லாம் முடிந்து, ஒத்திகையை மறுபடி ஒரு தடவை ஒழுங்காக நடத்திக் காட்டினோம். அதில் பிணைக்கைதிகள் மரியாதையாக வரிசையில் வெளியே வந்தார்கள். அந்த இரண்டு பேர் மட்டும் அதில் இல்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் பெரியவரை வெயிலில் போகக் கூடாது என்று மரத்தடியில் உட்காரவைத்திருந்தார்கள். அக்கா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவருக்குக் காவல் இருந்தார். ஒத்திகை முடிந்ததும் நான் தண்ணீர் குடிக்கும் சாக்கில் அங்கே போய் நடுவில் உட்கார்ந்தேன்.

சமயம் பார்த்துப் பயிற்சியாளரின் பாடத்தை எடுத்தேன். "ஐயா, ஒண்ணு கேக்கறேன். வழி விடமாட்டேங்கறீங்க, சரி. விட்டா என்ன ஆயிடும்னு நெனைக்கறீங்க?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் வயல்ல அறுக்கறதுக்கு முன்னாடியே உளுந்து தெளிச்சுருவேன். மொளச்சு வர்ற நேரத்துல அந்த மெஷினோட சங்கிலிச் சக்கரம் ஏறிப் போனா, போன தடம் பூரா நசுங்கிப்போயிடும். அதுவும் போகட்டும். ஒரு வருஷம் விட்டா மறு வருஷம் அது பாதைன்னு ஆயிடும். அப்பறம் பொதுப் பாதைன்னு அளந்து கல்லு போட்டுருவாங்க. போன நெலம் போச்சு. அத நான் கேக்கல. இருக்கறதும் கொஞ்சங் கொஞ்சமாக் கரைஞ்சா பசங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

அக்கா அவரை நேராகப் பார்த்தார். "இத ஏன் இம்புட்டு நாளாச் சொல்லல? ஒசந்த சாதி, ஒசந்த வீடுன்னு திமிருல மறிக்கறீங்கன்னுல்ல நெனச்சேன்?"

"நீ கேட்டியா? நேரா ஸ்டேஷனுக்குல்ல போன?"

"எனக்குப் பாத வேணாங்க. வருஷத்துல ஒரு நாள், மெஷின் போயிட்டுத் திரும்பணும். அம்புட்டுதான். அது உங்க எடம்தான்னு எத்தன பேரு முன்னாடி வேணும்னாலும் சொல்றேன்."

பெரியவர் யோசித்தார். "கிழக்கோரமா மெஷின் அகலத்துக்கு உளுந்து தெளிக்காம விட்டுரலாம்."

"அந்தப் பட்டைக்கு உண்டான உளுந்த நான் அளந்து தந்துர்றேன்."

"ஒன் உளுந்து யாருக்கு வேணும்? பாதி பொக்கா இருக்கும்."

"என் உளுந்தா பொக்கு? வந்து பாருங்க, வந்து பாத்துட்டுப் பேசுங்க!"

சண்டை மறுபடி ஆரம்பித்துவிட்டதோ என்று எனக்கு ஒரு கணம் பயம். இருவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

அந்தப் பயிற்சியால் எங்கள் பகுதியில் எந்தத் தீவிரவாதியும் பிடிபடவில்லை. வராமல் இருந்ததே நல்லது. ஆனால் பயிற்சியாளர் கற்றுக்கொடுத்த அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ வரப்புச் சண்டைகளைத் தீர்த்தேன். பிறகு மயிலாடுதுறைப் பக்கம் மாற்றலாகிப் போனபோதும் அதையே கையாண்டேன். எல்லாம் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். சில பேர் பயத்தைச் சொல்லவே மாட்டார்கள். இன்னும் சில பேருக்குப் பயம் எதுவும் இல்லை, வெறும் பேராசைதான். அவர்களைச் சட்டப்படிதான் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்த அறுவடையின்போது நான் அந்த வயல் பக்கம் போயிருந்தேன். தை மாதத்து இளவெயில். பெரியவர் தன் வயலின் கிழக்கோரத்தில் விட்டிருந்த பட்டையில், குடையைப் பிடித்துக்கொண்டு, அறுவடை மெஷினைப் பார்த்தபடி அதற்கு முன்னால் பின்னோக்கி நடந்து வழிகாட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் கையைத் தூக்கி நிறுத்துவார். ஓட்டுநர் சேலத்துப் பையன், பொறுமை இழந்து ஹாரன் அடித்தான். தன் வயல் வரப்பில் நின்ற அக்கா, "ஐயா, இப்புடி நடந்தா நாளைக்குத்தான் வந்து சேருவீங்க, தள்ளுங்க!" என்று கத்தினார். "நீ சும்மா இரு, உளுந்து இருக்குல்ல!" என்று அவரும் திருப்பிக் கத்தினார். என்னைப் பார்த்ததும் குடையை ஆட்டி, "மேடம், நீங்களாச்சும் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க" என்றார். நான் யார் பக்கமும் பேசாமல் வரப்பில் உட்கார்ந்து, மெஷின் ஆடி அசைந்து அக்காவின் வயலுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.